வெள்ளிக்கிழமை வராவரா சவாரி

பேரம் பேசாத மனுஷங்களை நான் நம்பவே மாட்டேன். எங்க சொராட்டா சந்தையில ஒரு கூடை உருளைக்கிழங்கு வாங்கினாலும் நாக்கு வறள்ற வரைக்கும் பேசிட்டுத்தான் வாங்குவாங்க. அப்படி இருக்க, வராவரா ஏரிக்கு ஜீப் வேணும்னு வந்து நின்ன அந்த மூணு பேரும் நான் சொன்ன வாடகையைக் கேட்டுட்டு, சரிங்க டோன்யா பெர்னான்னு ஒரே பேச்சில தலையாட்டிட்டாங்க. பாதிக்குக் கேப்பாங்க, நாலு வார்த்தை திட்டிட்டு முக்காலுக்கு இறங்கலாம்னு நினைச்சு வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தேன் நான். அப்பவே அவங்களை மேலயும் கீழயும் ஒரு தடவை பார்த்தேன்.

மூணு பேரும் ஏரிக்கரை ஊர்க்காரங்க. மூத்தவர் செவெரோ. பனைமரம் மாதிரி உயரம், வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச மாட்டார். அவர் பொண்டாட்டி ஃபெலிபா, மடியில ஒரு துணி மூட்டையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரிக்கிறவ. செவெரோவோட தம்பி கலிஸ்டோ, மூணு பேருக்கும் சேர்த்துப் பேசறவர். தேன் ஒழுகற பேச்சு, வாய்க்கு வாய் டோன்யான்னு மரியாதைப் பட்டம். இவ்வளவு மரியாதையா என்கிட்ட யாரும் பேசி நான் கேட்டதில்ல. சந்தையில என்னைக் கடிநாய்னுதான் சொல்வாங்க. அது எனக்குத் தெரியும், அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல.

எப்போ போகணும்னு கேட்டேன். வெள்ளிக்கிழமைன்னாங்க. வெள்ளிக்கிழமை சூனியக்காரங்க நாள், எங்க பக்கத்துல நல்ல காரியத்துக்கு யாரும் அன்னைக்கு மலை ஏற மாட்டாங்க. வேற நாள் போலாமேன்னேன். மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. இல்லீங்க, தள்ளிப் போட முடியாது, ரொம்ப நாள் தாங்காதுன்னார் கலிஸ்டோ. என்ன தாங்காதுன்னு கேட்டேன். பாதைன்னு சொன்னார், கொஞ்சம் யோசிச்சுட்டு.

அந்தப் பாதையைப் பத்திச் சொல்லணும். அது ரோடு இல்ல. போன வருஷம் அந்த ஊர்க்காரங்களே கடப்பாரை பிடிச்சு மலையை வெட்டி இழுத்த தடம். மழைக்கு ரெண்டு தடவை சரிஞ்சு விழுந்துச்சு. லாமா மந்தையில ஒண்ணைப் பிடிச்சு அறுத்து ரத்தம் தெளிச்சாங்க, அப்புறமும் சரிஞ்சுது. அதுக்கு என்ன அர்த்தம்னு எங்க ஊர்ல பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். மலைக்கு லாமா பத்தல, ஆள் கேக்குது. கீழ ஆத்துப் பாலத்தை எப்படி நிக்க வச்சாங்கன்னு யாரை வேணா கேட்டுப் பாருங்க. கேக்க நாதியில்லாத ஒருத்தனைக் கூட்டிட்டு வந்து, மரியாதையா பேசி, கிண்ணம் கிண்ணமா ஊத்திக் குடுத்து, அவனுக்கு நினைவு தப்பினதும் தூணுக்கு அடியில இறக்கிட்டாங்கன்னு சொல்வாங்க. நான் கண்ணால பார்த்ததில்ல. ஆனா பாலம் நிக்குதே.

எனக்கு நாதி யார்? புருஷன் போய்ச் சேர்ந்தாச்சு. இருக்கிறது ஒரே பொண்ணு, நியேவெஸ். எல் ஆல்டோ நகரத்துல தையல் கடையில வேலை பார்க்கறா. முன்னெல்லாம் ஞாயித்துக்கிழமை தவறாம போன் பண்ணுவா. இந்த வருஷம் அது குறைஞ்சு குறைஞ்சு, கடைசியா எப்போ பேசினான்னு யோசிச்சுத்தான் சொல்லணும். பேசினாலும் நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு ரெண்டு தடவை சொல்லிட்டு வச்சிடுவா. நான் ஒரு குழிக்குள்ள போயிட்டா என்னைத் தேட ஆள் கிடையாது, அவளுக்கும் இந்த உலகத்துல ஆள் கிடையாது. எனக்கு இருந்த பயம் அதுதான். என் உசிரு என்ன பெரிய உசிரு, அவ அனாதையாயிடுவாளேன்னுதான்.

அப்புறம் ஏன் போனேன்னு கேப்பீங்க. வாடகை ஒரு காரணம். கிளட்ச் தட்டு தேஞ்சு வாசனை வர ஆரம்பிச்சிருந்துச்சு. இன்னொரு காரணம் ஸ்டாண்டுல இருந்த எவரிஸ்டோ. எல்லா டிரைவரும் கேக்கற மாதிரி, "வெள்ளிக்கிழமை வராவராவுக்கா? மலைக்குப் பசி நேரம் பெர்னா, நீயெல்லாம் வேகவே ரெண்டு நாள் ஆகும்"னான். எல்லாரும் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் போகாம இருந்தா நான் பெர்னாவே இல்ல.

விடியக்காலையில கிளம்பினோம். பின்னாடி சாமான் ஏத்தும்போது பார்த்தேன்: கடப்பாரை, மண்வெட்டி, புதுக் கயிறு ஒரு சுருள், சாராய பாட்டில் ஒரு பெட்டி நிறைய. வாயில அடக்கற கோக்கா இலை ஒரு பெரிய பை. எதுக்கு இவ்வளவுன்னு கேட்டா, வழியில தேவைப்படும்னு சிரிக்கறாங்க. ஃபெலிபா மடி மூட்டையைப் பின்னாடி வைக்கலாமேன்னு கையை நீட்டினேன். வேண்டாம்க்கா, இது உங்க கையில படக் கூடாது இப்போன்னு பின்னுக்கு இழுத்துக்கிட்டா. இப்போ படக் கூடாதாம். அப்போ எப்போ படணுமாம்?

கணவாய் வரைக்கும் லாரி போற பாதைதான். அங்க கல் குவிச்சு வச்சிருக்கும், வர்றவங்க எல்லாரும் ஒரு கல் வச்சு, பூமித்தாய்க்கு ரெண்டு சொட்டு சாராயம் தெளிச்சுட்டுத்தான் தாண்டணும். நானும் இறங்கினேன். முன் சக்கரத்து மூடியைத் திருகி நாலு சக்கர ஓட்டத்துக்கு மாத்தி, டயர்ல கொஞ்சம் காத்தை இறக்கிவிட்டு நிமிர்ந்தா, கலிஸ்டோ கிண்ணத்தை நீட்டிட்டு நிக்கறார். தளும்பத் தளும்ப. மூணு பேர் கண்ணும் என் வாயையே பார்க்குது. சாராயம் குடுக்கறவங்க இப்படிப் பார்க்க மாட்டாங்க, மருந்து குடுக்கறவங்கதான் இப்படிப் பார்ப்பாங்க. பூமித்தாய்க்குன்னு சொல்லி மொத்தத்தையும் தரையில ஊத்திட்டு வெறுங்கிண்ணத்தைத் திருப்பிக் குடுத்தேன். ஃபெலிபா முகம் வாடிப் போச்சு. உங்களுக்கும் ஒரு வாய் வச்சிருக்கலாமேன்னார் கலிஸ்டோ. நான் வண்டி ஓட்டறவ, என்னைக் குடிக்க வச்சிட்டு நீங்க எப்படித் திரும்புவீங்கன்னு கேட்டேன். அதுக்கு அவர், இன்னைக்கே திரும்பணும்னு என்ன இருக்குன்னார்.

அதுக்கப்புறம் பாதை ஏரி மக்கள் வெட்டினது. முதல் கியர்ல நாலு சக்கரமும் கல்லைக் கவ்விக் கவ்வி ஏறணும். ஒரு பக்கம் பாறை, கண்ணாடியை உரசற மாதிரி. இன்னொரு பக்கம் எட்டிப் பார்க்காம இருக்கிறது நல்லது. நான் ரெண்டு கண்ணையும் பாதையில வச்சிருந்தேன், காதை மட்டும் பின்னாடி விட்டிருந்தேன். கலிஸ்டோ மெதுவா விசாரிக்க ஆரம்பிச்சார். உங்களுக்குக் கூடப் பிறந்தவங்க இருக்காங்களா, அப்பா வழியில பெரியவங்க யாராவது உண்டா, உங்களுக்காகப் பேச, கேக்க யார் இருக்கான்னு. எவ்வளவு பதமா கேக்கறான் பாருங்க. அறுக்கப் போற ஆட்டுக்கு மந்தைக்காரன் யாருன்னு கேக்கற மாதிரி.

சட்டுனு ஒரு பொய்யை எடுத்து விட்டேன். நாலு அண்ணனுங்க, நாலு பேரும் போலீஸ், நான் சாயங்காலம் வரலேன்னா தேடி வந்துடுவாங்கன்னேன். அப்புறம் ஃபெலிபா குசுகுசுன்னு புருஷன்கிட்ட சொல்றா: "நாலு பேரா? அப்போ சாராயம் பத்தாதே."

நாலு அண்ணனையும் சேர்த்து மயக்கக் கணக்குப் போடறாங்க.

சரிவு விழுந்த இடத்துல நிறுத்த வேண்டியதாச்சு. பாதையில பாதி கீழ போயிருந்துச்சு. நீங்க இறங்க வேண்டாம் டோன்யா, நாங்க பார்த்துக்கறோம்னு சொல்லிட்டு அண்ணனும் தம்பியும் கடப்பாரையை எடுத்துட்டு இறங்கினாங்க. மலைப் பக்கம் வெட்ட ஆரம்பிச்சாங்க. நீளவாக்குல வெட்டறாங்க, ஆள் படுக்கற நீளத்துக்கு. வெட்டி வெட்டி இடுப்பாழம் வந்ததும் செவெரோ அதுக்குள்ள இறங்கி நின்னு, நிமிர்ந்து, கண்ணாடி வழியா என்னைப் பார்த்தார். நான் சாவியைத் திருகினேன். இன்ஜினை ஓட விட்டுட்டு, கியர்ல கை வச்சுட்டு உக்காந்திருந்தேன். ஆனா பின்னாடி போக வழியில்ல, திருப்ப இடமும் இல்ல. அப்புறம் அவங்க அந்தக் குழியில கல்லைப் போட்டு நிரப்பி, சக்கரம் ஏற மேடு கட்டினாங்க. பாதை போடத்தான் வெட்டினாங்கன்னு அப்போ தெரிஞ்சுது. ஆனா ஒரு குழியைக் கல்லால நிரப்பறவன் இன்னொரு குழியையும் நிரப்புவான்.

அங்கேயும் ஒரு கிண்ணம் நீட்டினாங்க. அங்கேயும் தரைக்கே விட்டேன். கலிஸ்டோவோட தேன் பேச்சுல முதல் தடவையா கொஞ்சம் புளிப்பு தட்டுச்சு. எங்க கையால ஒரு வாய் குடிச்சா என்னங்க குறைஞ்சு போயிடுவீங்கன்னு கேட்டார். அன்னைக்கு அவங்க மூணு பேரும் ஒரு சொட்டுகூட அவங்க வாயில விடலேங்கறதை நான் அப்போதான் கவனிச்சேன். அதுதான் என் சந்தேகத்துக்கு முத்திரை குத்துச்சு. எங்க மலையில சாராய பாட்டிலை மூணு பேர் திறந்து மூணு பேரும் குடிக்காம இருந்தா அது சாராயம் இல்ல.

கடைசி இறக்கம் ஏரிக்கு. மேலிருந்து பார்த்தா தண்ணி பச்சையா, அசையாம கிடந்துச்சு. சுத்தி மலை, ஒரு பக்கம் பனி. கத்தினா எதிரொலிதான் வரும். கரைக்கு மேல, ஒரு வளைவுக்கு அடியில, தனியா ஒரு கல் வீடு, புகை வந்துட்டு இருந்துச்சு. அந்த வளைவு படுமோசம். ஒரே வீச்சுல திரும்பாது. பின்னுக்கு எடுத்து, பள்ளத்து விளிம்பு வரைக்கும் பின் சக்கரத்தை விட்டு, அப்புறம்தான் திருப்பணும். செவெரோ இறங்கி நின்னு கையைக் காட்டிக் காட்டித் திருப்ப வச்சார். அந்த வீட்டைத் தாண்டும்போது மூணு பேரும் அதைப் பார்க்காம ஏரியையே பார்த்தாங்க. வேணும்னே பார்க்காத மாதிரி பார்த்தாங்க.

கரையில நிறுத்தினேன். இன்ஜினை அணைக்கல. ஃபெலிபா புல்லு மேல ஒரு புதுத் துணியை விரிச்சா. அதுல கோக்கா இலையைக் குவிச்சாங்க, பாட்டிலை வரிசையா நிறுத்தினாங்க. மடி மூட்டையையும் பிரிச்சா. உள்ள ரொட்டி, பூ, பெண்ணுக்குக் கட்டற ஒரு புது இடுப்புத்துணி. எனக்கு அலங்காரமான்னு நினைச்சேன். அப்புறம் மூணு பேரும் தொப்பியைக் கழட்டினாங்க. கழட்டிட்டு, என் முன்னாடி முழங்கால் போட்டாங்க. கலிஸ்டோ ரெண்டு கையாலயும் கிண்ணத்தைத் தூக்கிப் பிடிச்சார்.

"டோன்யா பெர்னா, இதையாவது குடிச்சிடுங்க. குடிச்சா நாங்க சொல்ல வேண்டியதைச் சொல்லிடுவோம். எங்களை மன்னிச்சிடணும்."

வெட்டறதுக்கு முன்னாடி லாமா காதுல சொல்ற வார்த்தை அது. மன்னிச்சிடணும். எனக்கு அதுவரைக்கும் இருந்த பயம் அப்படியே கோவமா மாறிடுச்சு. துணியை எட்டி உதைச்சேன். பாட்டில் உருண்டுச்சு, கோக்கா இலை காத்துல பறந்து தண்ணியில விழுந்துச்சு. "உங்க கையால என் வீட்டு நாய்கூட குடிக்காது. உங்க மலைக்குப் பசிச்சா உங்க பிள்ளையைப் பெத்து போடுங்கடா"ன்னு கத்தினேன். ஃபெலிபா வாயைப் பொத்திக்கிட்டு அழுதா. நான் வண்டியில ஏறி, திருப்பி, வந்த வழியே ஏத்திட்டேன்.

யாரும் துரத்தல. அதுவே எனக்குச் சந்தேகமா இருந்துச்சு. கண்ணாடியில பார்த்தா, வளைவுக்கு அடியில இருந்த கல் வீட்டுல இருந்து ஒரு பொம்பளை ஓடி வர்றா. அகலப் பாவாடை, தொப்பி, அந்த ஊர் கட்டு. கையை ஆட்டிக்கிட்டு, பாதையில வராம மேட்டுல நேரா குறுக்க ஏர்றா. ஓ, வழி மறிக்க ஆள் வச்சிருக்காங்கன்னு ஆக்ஸிலேட்டரை அழுத்தினேன். அவ என்னமோ கத்தறா. இன்ஜின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல.

வளைவு வந்துச்சு. முன்ன போய் முட்டி நின்னேன். பின்னுக்கு எடுக்கணும். கை காட்ட ஆள் இல்ல. பள்ளம் எனக்குத் தெரியும், எவ்வளவு விடலாம்னு என் காலுக்குத் தெரியும். கண்ணாடியில அந்தத் தொப்பி ஒரு தடவை தெரிஞ்சுது, அப்புறம் தெரியல. ஓடிட்டாள்னு நினைச்சு பின்னுக்கு விட்டேன். வண்டி பின்னாடி தகரத்துல தட தடன்னு கை தட்டற சத்தம்.

"அம்மா! நிறுத்தும்மா, நான்தான்!"

பிரேக்கை மிதிச்ச மிதில இன்ஜின் நின்னு போச்சு. கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின் சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவுல என் பொண்ணு நிக்கறா. பாவாடையோட ஓரம் டயருக்கு அடியில சிக்கியிருக்கு. ரெண்டு கையும் வண்டி மேல. நடுவுல வயிறு. நிறை மாசத்து வயிறு.

என் வண்டிக்குக் கை பிரேக் பேருக்குத்தான் இருக்கு. ஏத்தத்துல நிக்கற வண்டி என் வலது கால் பலத்துல நின்னுட்டு இருந்துச்சு. நான் அசையல.

செவெரோ அவ்வளவு வேகமா ஓடுவார்னு யாரும் சொல்ல மாட்டாங்க. வந்தவர் கத்தியை எடுத்துப் பாவாடையைக் கிழிச்சு, அவளை அப்படியே தூக்கி மலைப் பக்கம் வச்சார். ஃபெலிபா அவளைக் கட்டிக்கிட்டு, மகளே மகளேன்னு அழறா. என் பொண்ணை. அப்போதான் எனக்கு எல்லாம் ஒவ்வொண்ணா உள்ள இறங்குச்சு. ரொட்டி, பூ, இடுப்புத்துணி. யார் உங்களுக்காகப் பேசுவாங்க. நாலு அண்ணனுக்கும் சாராயம் பத்தாது. ரொம்ப நாள் தாங்காது. அவ வயித்தைத்தான் சொல்லியிருக்காங்க, பாதையை இல்ல. பொண்ணைக் கூட்டிட்டுப் போயிட்டு, அப்புறம் பெத்தவகிட்ட வந்து முழங்கால் போட்டு மன்னிப்புக் கேக்கறது எங்க வழக்கம்தானே. அந்தக் கிண்ணத்தை வாங்கிக் குடிக்காதவகிட்ட ஒரு வார்த்தையும் கேக்க முடியாது, கேட்டா அவமானம். அவ குடிக்கிற வரைக்கும் கேக்க வந்தவங்களும் ஒரு சொட்டு வாயில வைக்கக் கூடாது. எனக்குத் தெரியாத வழக்கமா அது? போன வருஷம் பொண்ணு கேட்டு வாசல்ல வந்து நின்ன ரெண்டு கூட்டத்தையும், வாயைத் திறக்கறதுக்குள்ள துணி அலசின தண்ணியை ஊத்தித் துரத்தினவ நான்தானே.

நியேவெஸ் ஜன்னல் பக்கம் வந்தா. முகம் வெளுத்துப் போயிருந்துச்சு, ஆனா அழல. அவ அப்பா மாதிரி. செவெரோவோட பையன் ரூபென் அவ இருந்த அதே தையல் கடையிலதான் வேலை பார்த்தானாம், இப்போ அந்தப் பக்கத்து மேய்ச்சல்ல இருந்து வந்துட்டு இருக்கானாம். போன்ல ஏன்டி சொல்லலேன்னு கேட்டேன்.

"உன்கிட்டயா?"ன்னா. "நான்தான்மா சொன்னேன். முதல்ல குடிக்க வையுங்க, அப்புறம் வாயைத் திறங்க, இல்லேன்னா எங்கம்மா கொன்னுடுவான்னு. அவங்க காலையில இருந்து உனக்குப் பயந்துட்டே வந்திருக்காங்க."

கலிஸ்டோ கடைசியா மேல வந்து சேர்ந்தார். மூச்சு வாங்குது, தொப்பியில மண்ணு. கையில ஒரு பாட்டில், அடியில கொஞ்சூண்டு சாராயம். அவர் என்ன செய்யறதுன்னு தெரியாம நின்னார். நான் ஜன்னல் வழியா கையை நீட்டினேன். அவர் அண்ணனைப் பார்த்தார். அப்புறம் பாட்டிலையே குடுத்தார், கிண்ணம் கீழ கிடந்துச்சு. குடிச்சேன். தொண்டையில நெருப்பு மாதிரி இறங்குச்சு. இப்போ கேளுங்கன்னேன்.

அவர் பாவம், காலையில இருந்து மனப்பாடம் பண்ணி வச்ச பேச்சு. ரெண்டு வார்த்தைக்கு மேல வரல. "உங்க பொண்ணை..."ன்னுட்டு நிறுத்திட்டார்.

"இன்னும் ஒரு சாண் விட்டிருந்தா கேக்கறதுக்கே ஆள் இருந்திருக்காது"ன்னு சொன்னேன். "என்கிட்ட கேக்காதீங்க. குடுக்கறேன்னு சொல்ல எனக்கு இப்போ வாய் இல்ல. அவ சரின்னா சரி."

நியேவெஸ் என் தோள்ல கை வச்சா. செவெரோ அதுக்குள்ள பெரிய பெரிய கல்லாத் தூக்கிட்டு வந்து நாலு சக்கரத்துக்கும் அண்டக் குடுத்துட்டு, என் பக்கத்து ஜன்னல்ல வந்து குனிஞ்சார். அன்னைக்கு அவர் வாயைத் திறந்தது அப்போதான்.

"கல் வச்சாச்சு சம்பந்தி. காலை எடுங்க."

நான் எடுக்கல. பொண்ணு இந்தப் பக்கம்தான் நிக்கறா, பின்னாடி யாரும் இல்லைன்னு ஃபெலிபாவும் சொன்னா. வண்டி நகராது, எடுங்கன்னு அவர் மறுபடியும் சொன்னார். எனக்கு எல்லாம் கேட்டுச்சு. ரெண்டு கையாலயும் முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு பிரேக்கை மிதிச்சபடியே உக்காந்திருந்தேன்.